வண்டி அர்ச்சுனனுடையது, தொண்டை மாதுவுடையது

அர்ச்சுனனுக்குத் தன்னைப் பற்றி ரொம்ப உயர்ந்த அபிப்பிராயம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் அவன்மேல் உங்களுக்கு இரக்கம் வரும். வந்தாலும் அளவோடு வரட்டும்.

கடத்தூரில், பொம்மிடி போகிற ரோட்டில், ஓர் உரக்கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தான். வயது முப்பத்தாறு. அதற்கு முன்னால் பெங்களூரில் ஒன்பது வருஷம், வெளிநாட்டுக் கம்பெனிகள் செய்கிற கார் பந்தய கேம்களுக்குச் சக்கரமும் ரோடும் வரைந்து கொடுக்கிற வேலை. கொரோனா சமயத்தில் ‘வீட்டிலிருந்தே வேலை’ என்று மூட்டை கட்டிக்கொண்டு வந்தவன், அப்புறம் திரும்பிப் போகவில்லை. ஊரான் வண்டிக்குச் சக்கரம் மாட்டியது போதும், என் வண்டியை நானே விடுகிறேன் என்று சொந்தமாக ஒரு கேம் செய்ய உட்கார்ந்தான். நாலு வருஷம் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி சசிகலா ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். அந்த நாலு வருஷமும் அடுப்பெரிந்தது அவள் சம்பளத்தில்.

கேம் நன்றாகத்தான் வந்திருந்தது. வயிற்றெரிச்சல் பிடித்தவர்கள்கூட அதை ஒப்புக்கொள்ள வேண்டும். பெயர் ‘கணவாய்’. ஆடுகிறவர்தான் டிரைவர். பாப்பாரப்பட்டிப் பக்கத்துத் தோட்டத்தில் தக்காளி ஏற்றிக்கொண்டு, தொப்பூர் கணவாயில் இறங்கி, சேலம் மார்க்கெட்டில் விலை சரிவதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பிரேக்கை அழுத்தி மிதித்தால் அடியில் இருக்கிற பெட்டிகள் நசுங்கும். மிதிக்காமல் விட்டால், விபத்துக்குப் பேர்போன தொப்பூரில் என்ன ஆகும் என்பதைத் தர்மபுரிக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வண்டிக்குப் பின்னால் ஒரு கிளீனர். அவன் முகம் தெரியாது, குரல் மட்டும்தான். ‘வா வா வா… ரைட்டுல ஒடி… இன்னும் ஒடி… ஓல்டேன்!’ என்று அந்தக் குரல் சொல்வதை நம்பித்தான் ரிவர்ஸ் எடுக்கவேண்டும், வளைவில் ஒதுங்கவேண்டும், ஓல்டேன் என்றால் நிறுத்தவேண்டும். போகப்போகக் கிளீனர் அசந்து தூங்கிவிடுவான். டீக்கடையில் நிறுத்தி எழுப்பாவிட்டால் மிச்ச இறக்கத்தைக் கண்ணைக் கட்டிக்கொண்டு இறங்குகிற மாதிரிதான்.

அந்தக் குரல் அர்ச்சுனனின் அப்பா மாதுவின் குரல். பதினாலு வயதில் கிளீனராக லாரி ஏறியவர், பிறகு முப்பது வருஷம் டிரைவர். முழங்கால் இரண்டும் ஓய்ந்துபோனதால் இப்போது மகன் வீட்டுப் பின்னறையில் கட்டிலும், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பெஞ்சுமாகக் காலம் தள்ளுகிறவர். குரல் பதிவு செய்யவேண்டும் என்று அர்ச்சுனன் மைக்கை நீட்டியபோது அவர் முறைத்தார்.

“வண்டி இல்லாம எவனுக்குடா கத்தறது? செவுத்தப் பாத்து வா வான்னா அது வருமா?”

வேறு வழியில்லாமல் உரக்கடை மினி லாரியைக் கேட்டு வாங்கி, தெருவில் அர்ச்சுனன் ரிவர்ஸ் எடுத்தான். மைக்கைப் பின்கதவில் கட்டியிருந்தான். மாது நொண்டிக்கொண்டே பின்னால் நடந்து, உள்ளங்கையால் பாடியைத் தட்டித் தட்டிக் கத்தினார். மூன்று மணி நேரம். வெயில் வேறு. நடுவில் ஒரு தடவை, “டேய் அர்ச்சுனா, ஆணி கெடக்குது பாரு, ஒடிச்சு வாடா!” என்று நிஜமாகவே அலறினார். அந்த அலறலை அர்ச்சுனன் வெட்டி எறியாமல் கேமுக்குள்ளேயே வைத்துக்கொண்டான். மாதுவுக்கு அன்று இரண்டு பரோட்டா வாங்கிக் கொடுத்தான். மறுநாள் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மூன்று நாள் வெந்நீர் குடித்தார்.

சசிகலா ஆரம்பத்திலிருந்தே ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, இத போன்ல வுடுங்க. கடத்தூர்ல கம்ப்யூட்டர் எத்தன வூட்ல இருக்குது? போன் இல்லாத வூடு ஒண்ணு காட்டுங்க பாக்கலாம்.”

“போன் கேமுன்னா என்னன்னு தெரியுமா உனக்கு? ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்கா சீட்டாட வான்னு விளம்பரம் வரும். பஸ்ஸுக்கு நிக்கறவன் ஆடறது அது. இது உக்காந்து ஆடற கேமு.”

“பஸ்ஸுக்கு நிக்கறவங்கதாங்க நம்ம ஜனம்.”

இது காதில் விழாத மாதிரி அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். போனில் விடுவதென்றால் அவன் நாலு வருஷமாக இழைத்து வைத்த மலையும் மஞ்சள் வெயிலும் பாதியாகக் குறைக்கப்பட வேண்டும். தொப்பூர்ப் பாறைகளின்மேல் படிகிற சாயங்கால வெளிச்சத்துக்கு மட்டுமே அவன் ஏழு மாதம் செலவழித்திருந்தான். அதை எந்த மனிதனும் ஆறு அங்குலத்துக்குள் அடைக்கமாட்டான் என்பது அவன் கட்சி. உலகத்துப் பெரிய கேம்கள் எல்லாம் விற்கிற வெளிநாட்டு இணையக் கடை ஒன்றில், கம்ப்யூட்டருக்கு மட்டும் என்று ‘கணவாயை’ வைத்தான்.

கடை வாசலில் என்ன படம் வைப்பது என்பதிலும் சசிகலாவுக்கும் அவனுக்கும் சண்டை. லாரியையும் தக்காளியையும் வை என்றாள் அவள். தக்காளி வைத்தால் சந்தைக்கடை மாதிரி இருக்கும் என்று, ஆளில்லாத கணவாயும் அந்தி வானமும் மட்டும் தெரிகிற படத்தை வைத்தான். கீழே இங்கிலீஷில் ஒரு பத்தி. சரிவையும் தனிமையையும் பற்றி அதில் நிறைய இருந்தது. தக்காளி என்ற சொல் இல்லை. விளம்பரம் எதுவும் செய்யவேண்டாமா என்று கேட்டதற்கு, பூக்கடைக்கு விளம்பரம் எதுக்கு என்றான். சரிதான். ஆனால் பூக்கடையைப் பூட்டிப் பரண்மேல் வைத்துவிட்டு வாசனைக்கு ஜனம் வரும் என்று காத்திருப்பவனை என்ன சொல்வது?

ஒரு வியாழக்கிழமை கேம் வெளியானது. அதே வாரம் ஒரு பெரிய கம்பெனியின் துப்பாக்கி கேமும் வருகிறது என்பது உலகத்தில் கேம் ஆடுகிற எல்லாருக்கும் ஆறு மாதமாகத் தெரியும். அர்ச்சுனனுக்கும் தெரியும். நல்ல நாள் என்று சசிகலாவின் அம்மா குறித்துக் கொடுத்த தேதியைத் தள்ளிப்போடக் கூடாதென்று விட்டுவிட்டான். கடையின் முகப்பு முழுக்க அந்தத் துப்பாக்கிதான். ‘கணவாய்’ எந்த மூலையில் கிடந்தது என்பதை அர்ச்சுனனே தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

முதல் மாதம் அறுபத்து மூன்று பேர் வாங்கினார்கள். பதினோரு பேர் திருப்பிக் கொடுத்தார்கள். மிச்சத்தில் ஒன்பது பேர் அவனுடைய பழைய ஆபீஸ்காரர்கள். யூடியூபில் கேம் ஆடிக் காட்டுகிற பன்னிரண்டு பேருக்கு இலவசமாக அனுப்பியிருந்தான். ஒருத்தன் மட்டும் ஆடினான். சேலத்துப் பையன். நாலு நிமிஷம் ஆடிவிட்டு, “மச்சான், இது ஓடணும்னா என் கம்ப்யூட்டர வித்துட்டு வேற ஒண்ணு வாங்கணும் போல. ஆனா அந்தக் கிளீனரு குரல் இருக்கே, கும்பிடறேன்டா சாமி!” என்று சிரித்து மூடிவிட்டான். அந்த நாலு நிமிஷத்தை நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். அதில் கேமை வாங்கியவர்கள் ஏழு பேர். வாங்காத ஒருத்தன் பெங்களூரில் ஒரு போன் கேம் கம்பெனியில் விளம்பர வேலை பார்க்கிறவன். அவன் பெயர் குரு.

சசிகலா மனசு கேட்காமல் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் அறையில் ஒருநாள் ‘கணவாயை’ப் போட்டாள். யாரோ தானம் கொடுத்த பழைய மெஷின்கள். படம் வரவில்லை, கருப்பாகவே நின்றது. குரல் மட்டும் கேட்டது. ‘வா வா வா… ஒடி… ஒடி…’ ஏழாம் வகுப்புப் பசங்கள் ஒரு நிமிஷம் திரையைப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தன் எழுந்து பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தான். அவன் பின்னால் இன்னொருத்தன் கைதட்டிக்கொண்டு. பத்து நிமிஷத்தில் வராண்டா முழுக்க லாரிகள் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தன. ஹெட்மாஸ்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டு வந்து அவள் சொன்னாள்.

“படமே தெரியலீங்க. மாமா குரலுக்கே பசங்க அந்த ஆட்டம் ஆடறாங்க. இன்னுமா உங்களுக்குப் புரியல?”

“அந்த ஓட்ட மிஷின்ல எவன் உன்னப் போடச் சொன்னது?” என்றான் அர்ச்சுனன்.

அதற்கப்புறம் அவள் கேமைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். பெண்டாட்டி பேச்சை நிறுத்தினால் ஜெயித்துவிட்டோம் என்று நினைக்கிற புருஷர்கள் நிறையப் பேர், இவனும் நினைத்தான்.

எட்டு மாதம் போயிற்று. ஒருநாள் தர்மபுரியிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தான். ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்க ஆள் வேண்டும் என்றிருந்தார்கள். போய்ப் பார்த்துவிட்டு வருகிறான். பஸ்ஸில் நல்ல கூட்டம். அப்போது முன் சீட்டிலிருந்து அவன் அப்பா கத்தினார்.

‘வா வா வா… ரைட்டுல ஒடி… ஓல்டேன்!’

அர்ச்சுனனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. யாரோ ஒரு புண்ணியவான் என் கேமை ஆடுகிறான்! அந்த இரண்டு வினாடி சந்தோஷம்தான் அந்த நாலு வருஷத்துக்கும் சேர்த்து அவனுக்குக் கிடைத்தது. எட்டிப் பார்த்தான். துணிக்கடையில் வேலை செய்கிற பெண் ஒருத்தி, கையில் விரிசல் விழுந்த போன். திரையில் ஒரு பொம்மை லாரி. மலையும் இல்லை, வெயிலும் இல்லை. பச்சையாக ஒரு கோடு, சாம்பலாக ஒரு கோடு. மூலையில் மீசை வைத்த தக்காளி ஒன்று பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. மேலே ‘தக்காளி லோடு’ என்று கொட்டை எழுத்து. லாரி வளைவில் திரும்பும்போது மாதுவின் குரல் மறுபடியும் வந்தது. “டேய் அர்ச்சுனா, ஆணி கெடக்குது பாரு, ஒடிச்சு வாடா!”

அந்தப் பெண் சிரித்தாள். பக்கத்தில் இருந்தவளும் சிரித்தாள். லாரி கவிழ்ந்தது. ஒரு விளம்பரம் பார்த்தால் நசுங்கிய தக்காளி திரும்பக் கிடைக்கும் என்று மீசைத் தக்காளி சொன்னது. அந்தப் பெண் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் சேலை விளம்பரம் முழுவதையும் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் தோண்டி எடுத்தான். குருவின் கம்பெனிதான் செய்திருந்தது. ‘கணவாய்’க்கு அர்ச்சுனன் இலவசமாக விட்டிருந்த மாதிரிப் பகுதியில் குரல் பதிவுகள் பூட்டு இல்லாமல் கிடந்தன, திறந்த வீட்டில் நாய் நுழைந்த கதை. அவர்கள் கேம் செய்வதற்கு முன்னாலேயே பதினைந்து வினாடி வீடியோ நாலைந்து செய்து போனில் ஓடவிட்டு, எதைக் கண்டு ஜனம் நிற்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். மலைக்கு யாரும் நிற்கவில்லை. தக்காளி கவிழ்வதற்கும் கிளீனர் கத்துவதற்கும் நின்றார்கள். அந்த இரண்டை மட்டும் வைத்து மூன்று மாதத்தில் கேமைக் கட்டினார்கள். எவ்வளவு பழைய போனிலும் ஓடும். கன்னடத்திலும் தெலுங்கிலும் எழுத்து மாற்றினார்கள், குரலை மாற்றவில்லை. தக்காளி விலை ஏறி டிவியில் தினமும் அதே பேச்சாக இருந்த மாதத்தில் இறக்கினார்கள். கண்டக்டர்களும் காலேஜ் பெண்களும் கல்யாண மாப்பிள்ளைகளும் அந்தக் குரலுக்கு வாயசைத்து வீடியோ போட்டார்கள். போனில் இறக்கிக்கொண்டவர்கள் எண்ணிக்கை ஒரு கோடியைத் தொட்டிருந்தது.

மாதுவுக்குச் செய்தி டீக்கடையில் கிடைத்தது. அவர் வாயைத் திறந்து “ஒரு டீ குடுப்பா” என்றதும் பள்ளிக்கூடப் பசங்கள் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து அவர் பெஞ்சில் தனியாக உட்கார்ந்ததில்லை. யாராவது ஒருத்தன் பைக்கை ரிவர்ஸ் எடுப்பான். “தாத்தா, சொல்லுங்க தாத்தா” என்பான். மாது பெஞ்சைத் தட்டிக்கொண்டு கத்துவார். முழங்கால் வலி பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்.

“அர்ச்சுனா, நம்ம கேமு ஊரெல்லாம் ஓடுதாம்ல?” என்று ஒருநாள் முகமெல்லாம் பல்லாகக் கேட்டார்.

“அது நம்ம கேமு இல்ல.”

“என் கொரலுதான?”

“திருட்டுக் கேமுப்பா அது. வாய மூடிட்டு இரு.”

மாது வாயை மூடிக்கொண்டார்.

போன் கேம் விற்கிற கடைக்கு அர்ச்சுனன் புகார் எழுதினான். இந்தக் கேமில் இருக்கிற குரல் என் அப்பாவுடையது, என்னுடைய கேமிலிருந்து எடுத்தது, என் பெயரையே சொல்லிக் கூப்பிடுகிறது, கேட்டுப் பாருங்கள் என்று எழுதினான். நல்ல பிடிதான். ஐந்தாம் நாள் பதில் வந்தது. பேசியவர் யாரோ அவருடைய கையெழுத்தோடு, இந்தக் குரலை உங்களுக்குத்தான் கொடுத்தேன் என்று ஒரு கடிதம் வேண்டும். பத்து நாளுக்குள் அனுப்பினால் ‘தக்காளி லோடு’ கடையிலிருந்து எடுக்கப்படும். புகாரின் நகல் அந்தக் கம்பெனிக்கும் போகிறது.

அர்ச்சுனனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே ஒரு கையெழுத்து! அது கிடைத்தால் ஒரு கோடிப் பேரும் யாருடைய லாரியை ஓட்டினார்கள் என்று உலகத்துக்குத் தெரிந்துபோகும்.

“இப்பவே மாமாகிட்ட வாங்கிருங்க” என்றாள் சசிகலா. “நாலு வரி தமிழ்ல நான் எழுதித் தர்றேன். அவரு போட்டுருவாரு.”

“தமிழ்ல எழுதுனா எவன் மதிப்பான்? வக்கீல வெச்சு இங்கிலீஷ்ல பக்காவா பண்ணணும். அப்பா எங்க போயிடப் போறாரு?”

அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாவது போயிருக்கலாம். சொல்லவில்லை. கையெழுத்து எங்கே போடவேண்டும் என்று கடைசியில் விரலை வைத்துக் காட்டினால் போதும் என்று இருந்துவிட்டான். தர்மபுரியில் வக்கீல் வீட்டுக்கு நாலு நாள் நடந்தான். நாலாம் நாள் மத்தியானம் எட்டுப் பக்கம் இங்கிலீஷ் கையில் வந்தது. பையில் வைத்துக்கொண்டு கடத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினான்.

இறங்கியதும் அவன் கண்ணில் பட்டது ஒரு பிளக்ஸ். இருபதடி உயரம். அதில் மாது, தலையில் தக்காளிக் கிரீடம், பக்கத்தில் ஐந்து லாரிகள். ‘தக்காளி லோடு புகழ் கிளீனர் மாது அண்ணாருக்குப் பாராட்டு விழா. அனைவரும் வருக.’ டீக்கடைக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மைக் செட். மாலையும் பொன்னாடையுமாக மாது நடுவில் உட்கார்ந்திருந்தார். போட்டோ எடுக்க வரிசை நின்றது.

“அர்ச்சுனா! வா வா!” என்று மகனைப் பார்த்ததும் மைக்கிலேயே கூப்பிட்டார் மாது. வேறெதுவும் நினைத்துக் கூப்பிடவில்லை. ஆனால் கூட்டம் ஓவென்று கத்தியது. பசங்கள் அவன் முதுகுப் பக்கம் போய்ச் சட்டையைத் தட்டி, “ரைட்டுல ஒடி, ரைட்டுல ஒடி” என்று அவனை மேடை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனார்கள். கையில் எட்டுப் பக்கத்தோடு அவன் நடந்தான்.

மேடை ஓரத்தில் குரு நின்றிருந்தான். முப்பது வயதுகூட இருக்காது. நல்ல மரியாதை தெரிந்த பிள்ளை. கை கொடுத்தான்.

“சார், நீங்கதானா? உங்க கேம அப்புறமா வாங்கி முழுசா ஆடியிருக்கேன் சார். அவ்வளவு அழகு. அழகு மட்டும்தான் சார் பிரச்சனை.”

“திருடிட்டு வந்து என் ஊர்லயே விழா நடத்தறீங்களா?”

“உங்க கேம்ல விக்கற பொருள் ரெண்டே ரெண்டுதான் சார் இருந்துச்சு. தக்காளி, அப்பா கொரல். ரெண்டையும் நீங்க படத்துல மறைச்சு வெச்சிருந்தீங்க. நாங்க எடுத்து வெளிய வெச்சோம்.” அவன் கொஞ்சம்கூடக் குரலை உயர்த்தவில்லை. “எடுத்தது தப்புதான். அதத்தான் காலையில அய்யாகிட்ட சொல்லி, முறையா கையெழுத்து வாங்கிட்டோம். ஆரம்பத்துலருந்தே எங்களுக்குக் குடுத்ததா எழுதிக் குடுத்துட்டாரு.”

அர்ச்சுனன் அதை நம்பவில்லை. விழா முடிகிற வரைக்கும் காத்திருந்து, அப்பாவை ஆட்டோவில் ஏற்றி, வீட்டுக்கு வந்து, பின்னறைக் கட்டிலில் உட்காரவைத்த பிறகுதான் கேட்டான். மாது பொன்னாடையை மடித்துக்கொண்டிருந்தார்.

“கையெழுத்துப் போட்டியாப்பா?”

“போட்டேன்.”

“என்ன எழுதியிருந்துச்சுன்னு தெரியுமா? ஏமாத்தி வாங்கிட்டாங்களா? சொல்லு, வக்கீல்கிட்ட போலாம்.”

“ஒருத்தரும் ஏமாத்தல. தமிழ்ல எழுதி எடுத்தாந்துச்சு அந்தத் தம்பி. ரெண்டு தடவ படிச்சுட்டுத்தான் போட்டேன். உன் புகாரு பத்தியும் சொல்லுச்சு.”

“தெரிஞ்சேவா போட்ட?”

மாது பொன்னாடையைத் தலையணை மேல் வைத்தார்.

“உன் கேமுல கடைசியில பேரெல்லாம் ஓடுதாமே. அந்தத் தம்பி ஓட்டிக் காட்டுச்சு. எல்லாம் இங்கிலீஷு. படிச்சும் காட்டுச்சு. கதை அர்ச்சுனன். படம் அர்ச்சுனன். ரோடு அர்ச்சுனன். வெளிச்சம் அர்ச்சுனன். ஏழு எடத்துல உன் பேரு. உன் பொண்டாட்டிக்கு நன்றி. உரக்கடைக்காரனுக்குக்கூட நன்றி, வண்டி குடுத்தானாம். நான் எங்கடா?”

அர்ச்சுனனுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. உண்மையாகவே விளங்கவில்லை, அதுதான் கொடுமை.

“என்னப்பா நீ, ‘எம். அர்ச்சுனன்’னுதான போட்டிருக்கேன்? ஏழு எடத்துலயும் இனிஷியல் இருக்குதே. ‘எம்’னா யாரு? நீதான?”



“ஒத்த எழுத்துக்காடா அன்னிக்கு அந்த வெயில்ல அந்தக் கத்து கத்துனேன்?” என்றார் மாது. “அவங்க மொதப் பக்கத்துலயே போடறாங்களாம். ‘கிளீனர்: மாது’ன்னு முழுசா. பேரு போட்டவனுக்குக் கையெழுத்துப் போட்டேன். நீ கேட்டிருந்தா உனக்கும் போட்டிருப்பேன். நீ எங்க கேட்ட?”

சசிகலா கதவருகே நின்றுகொண்டிருந்தாள். அர்ச்சுனன் அவளைத் திரும்பிப் பார்த்தான், ஏதாவது சொல்லேன் என்கிற மாதிரி. அவள் மாமாவுக்குச் சோறு போடப் போய்விட்டாள். எட்டுப் பக்கமும் பையிலேயே கிடந்தன. பத்தாம் நாள் புகார் தள்ளுபடி ஆயிற்று.

இத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. குரு நல்ல பிள்ளைதான்; ஆனால் அவன் கம்பெனியில் சட்டம் பார்க்கிறவர்கள் என்று சிலர் இருந்தார்கள். மாது எழுதிக் கொடுத்த தாளில், மூன்று வருஷத்துக்கு இந்தக் குரல் வேறெந்தக் கேமிலும் இருக்கக்கூடாது என்று ஒரு வரி இருந்தது. அவர்கள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, ‘கணவாய்’ விற்கிற வெளிநாட்டுக் கடைக்கு ஒரு புகார் எழுதினார்கள். எங்கள் குரலை இவன் வைத்திருக்கிறான் என்றார்கள். யாருடைய குரலை யார்? ஆனால் கையெழுத்து அவர்கள் பக்கம். ஏழு நாளுக்குள் குரலை நீக்கு, அல்லது உரியவரிடம் அனுமதி வாங்கு, இல்லாவிட்டால் கேம் எடுக்கப்படும் என்று அர்ச்சுனனுக்குக் கடிதம் வந்தது.

அவன் தானே கத்திப் பார்த்தான். மைக்கில் தன் குரலைக் கேட்டபோது பேங்க் மேனேஜர் ரிவர்ஸ் சொல்வது மாதிரி இருந்தது. டீக்கடையில் ஒரு லாரி கிளீனரைப் பிடித்துக் கத்தச் சொன்னான். அவன் மாதுவைக் காப்பியடித்துக் கத்தினான். குரல் இல்லாமல் ஓட்டிப் பார்த்தான். ஏழு மாதம் இழைத்த வெளிச்சத்தில் ஒரு லாரி சும்மா போயிற்று. அதைப் பார்க்க அவனுக்கே பிடிக்கவில்லை. ஆறாம் நாள் காலை பின்னறைக்குப் போய் நின்றான்.

“ப்பா.”

“சொல்லுப்பா.”

“உன் கொரல நான் வெச்சுக்கலாம்னு ஒரு லெட்டர் வேணும். உன் பேரையும் முழுசா போட்டுடறேன்.”

மாதுவுக்கு மனசு இளகிவிட்டது. கல்மனசுக்காரர் இல்லை. மகனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

“எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லப்பா. ஆனா மூணு வருஷத்துக்கு வேற யாருக்கும் குடுக்கறதில்லன்னு எழுதிக் குடுத்துட்டேனே. வாக்கு மாறக்கூடாதில்ல? இரு, கம்பெனில ஒரு வார்த்த கேட்டுப் பாக்கறேன்.”

போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். எதையும் கத்தித்தான் பேசுவார். கீழே உரக்கடை வரைக்கும் கேட்டது.

“குரு தம்பிங்களா? மாது பேசறனுங்க. நல்லாருக்கீங்களா? ஒண்ணுமில்லீங்க, நம்ம பையன் ஒரு கேமு வெச்சிருக்கான்ல, அதுல என் கொரலு இருந்துட்டுப் போவட்டுமேங்க. சின்னக் கேமுங்க. யாரும் ஆடறதில்லீங்க. சத்தியமா யாருமே ஆடறதில்ல. அதனால உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராதுங்க. கொஞ்சம் பாத்துச் செய்யுங்க தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போவும். பாவம், நாலு வருஷமா வேற வேலை இல்லாம இருக்கான்.”

 மேலே கேட்டுச் சொல்கிறேன் அய்யா என்றான் குரு.

“கேட்டுச் சொல்றாங்களாம்” என்றார் மாது, போனை வைத்துவிட்டு. மகனுக்கு ஒரு காரியம் செய்து கொடுத்த திருப்தி அவர் முகத்தில் இருந்தது. “நல்ல பசங்க. செஞ்சு குடுப்பாங்க. மூஞ்சிய ஏன் அப்பிடி வெச்சிருக்க?”

மேலே கேட்டார்களோ இல்லையோ, பதில் வரவில்லை. எட்டாம் நாள் ‘கணவாய்’ அந்தக் கடையில் இல்லை. எங்கே போயிற்று என்று கேட்டு யாரும் ஒரு வரிகூட எழுதவில்லை.